மளிகைக் கணக்குதானே என்று விட்டுவிடலாமா?

“என் மளிகைக் கணக்கைத் திருடி அவன் என்ன செய்யப் போகிறான்? எனக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வாங்கப் போகிறானா?”

இணையப் பாதுகாப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார் எழுந்து இப்படிக் கேட்டதும் அரங்கில் சிரிப்பலை எழுந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த அவருடைய மகன் மட்டும் சிரிக்கவில்லை. காரணம், அந்த மளிகைக் கணக்கின் மறைச்சொல் மகனின் பெயரும் அவர் பிறந்த ஆண்டும்தான். அம்மாவின் மின்னஞ்சலுக்கும் அதே மறைச்சொல். பேரப்பிள்ளைகளின் படங்களைப் போட்டு வைத்திருக்கும் முகநூலுக்கும் அதுவே. “ஒன்றாக இருந்தால்தானே ஞாபகத்தில் நிற்கும்?” என்பது அம்மாவின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கேள்வியும் சிரித்துத் தள்ளிவிட வேண்டிய கேள்வி அல்ல. சிங்கப்பூரில் பல வீடுகளில் 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் இதே கேள்வி எழுந்தது. இணையம்வழி மளிகைப் பொருள் விற்கும் ரெட்மார்ட்டின் 1.1 மில்லியன் கணக்குகளின் விவரங்கள் வெளியார் கைக்குப் போய்விட்டன என்று அதன் உரிமையாளரான லஸாடா அப்போது அறிவித்தது. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், முகவரி, மறையாக்கம் செய்யப்பட்ட மறைச்சொல், கடன்பற்று அட்டை எண்ணின் ஒரு பகுதி ஆகியவை அதில் அடங்கும். திருடுபோனது 18 மாதங்களுக்கும் மேல் பழைமையான தகவல் தொகுப்பு என்று நிறுவனம் விளக்கியது. வாடிக்கையாளர்கள் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புதிய மறைச்சொல்லை அமைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

பழைய தகவல்தானே என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் கடந்த 18 மாதங்களில் எத்தனை பேர் வீடு மாறினார்கள், எத்தனை பேர் மின்னஞ்சல் முகவரியை மாற்றினார்கள், எத்தனை பேர் மறைச்சொல்லை மாற்றினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த நிம்மதி நிலைக்காது. பூட்டு மாறாத வரைக்கும் பழைய சாவியும் திறக்கத்தான் செய்யும்.

திருடனுக்கு அரிசி வேண்டாம். அவனுக்கு வேண்டியது இரண்டே இரண்டு சொற்கள்: மின்னஞ்சல் முகவரி, அதனுடன் சேர்ந்த மறைச்சொல். இந்த ஜோடி கையில் கிடைத்ததும் அவன் மளிகைக் கடைப் பக்கமே போவதில்லை. ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் யாரோ தவறவிட்ட சாவி ஒருவனிடம் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் முதல் மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவிலும் அதைப் போட்டுப் பார்க்கிறான். மனிதனாக இருந்தால் ஐந்தாவது மாடியில் கால் வலிக்கும்; யாராவது ஒருவர் “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று கேட்பார். கணினி நிரலுக்குக் கால் வலிப்பதில்லை. மின்னஞ்சல் சேவை, சமூக ஊடகம், விமான நிறுவனத்தின் பயணப் புள்ளிக் கணக்கு, உணவு விநியோகச் செயலி என்று நூற்றுக்கணக்கான கதவுகளில் அதே சாவியை அது போட்டுப் பார்க்கும். எங்கே திறக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ஆகவே ஒரு நிறுவனத்தில் தகவல் திருட்டு என்று செய்தி வரும்போது, “அங்கே எனக்கு என்ன நட்டம்?” என்பதோடு நின்றுவிடக் கூடாது. “அங்கே கொடுத்த அதே சாவியை வேறு எங்கெங்கே கொடுத்து வைத்திருக்கிறேன்?” என்பதுதான் அடுத்து எழவேண்டிய கேள்வி.

இது வயதானவர்களின் பலவீனம் என்று இளையர்கள் எண்ணிவிட வேண்டாம். கணினித் துறையிலேயே ஊறியவர்களும் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தில் 2012ஆம் ஆண்டு நடந்தது இதுதான். வேறோர் இணையத்தளத்தில் திருடுபோன மறைச்சொல்லையே அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தமது கணக்கிலும் வைத்திருந்தார். திருடர்கள் அதைக் கொண்டு உள்ளே நுழைந்தார்கள். அந்த ஆண்டில் களவுபோனது ஏறத்தாழ 68 மில்லியன் கணக்குகளின் விவரம் என்பது நான்கு ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே 2016இல் முகநூலை உருவாக்கிய மார்க் ஸக்கர்பெர்க்கின் டுவிட்டர், பின்ட்ரஸ்ட் கணக்குகளுக்குள்ளும் ஊடுருவிகள் புகுந்தார்கள். லிங்க்டுஇன் தளத்திலிருந்து 2012இல் கசிந்த மறைச்சொல்தான் தங்களுக்கு வழிவிட்டது என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். நான்காண்டுப் பழைய சாவி!

அரைத்த மாவும் சேர்த்த உப்பும்

“மறைச்சொல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று நிறுவனம் சொல்கிறதே, பிறகு ஏன் பயப்பட வேண்டும்?” என்பது அரங்கில் எழுந்த இன்னொரு கேள்வி. இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

பொறுப்புள்ள நிறுவனம் எதுவும் வாடிக்கையாளரின் மறைச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணித முறையில் அரைத்து, அந்த மாவைத்தான் சேமித்து வைக்கும். மிளகாயை அரைத்துத் தூளாக்கலாம். தூளை மறுபடி மிளகாயாக்க முடியாது. வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை நுழையும்போதும், அவர் தட்டச்சு செய்ததை அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறக்கும்.

திருடனும் மாவைத் திரும்ப மிளகாயாக்க முயல்வதில்லை. உலகத்தில் மக்கள் வழக்கமாக வைக்கும் மறைச்சொற்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அரைக்கிறான். எது ஒத்துப்போகிறதோ அதுதான் விடை. அந்தப் பட்டியலுக்கும் பஞ்சமில்லை. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 32 மில்லியன் மறைச்சொற்கள் எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே வெளியாயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது ஒன்று முதல் ஆறு வரையிலான எண்கள். ஏறக்குறைய 290,000 பேர் அதையே வைத்திருந்தார்கள். அன்று முதல் அந்தப் பட்டியல் திருடர்களுக்கு அரிச்சுவடி ஆகிவிட்டது.

இதைத் தடுப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொருவரின் மறைச்சொல்லுடனும் வெவ்வேறு எழுத்துக்கோவையைச் சேர்த்து அரைப்பது. இரண்டு பேர் ஒரே மறைச்சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்கும். திருடன் ஒரே அரைப்பில் எல்லாரையும் பிடிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைக்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பர்கள் வைத்திருக்கும் பெயரே ‘உப்பு’தான். லிங்க்டுஇன் 2012இல் உப்பில்லாமல் அரைத்திருந்தது. அதனால்தான் அந்த மறைச்சொற்கள் அவ்வளவு விரைவில் உடைபட்டன. ஆனால் உப்புப் போட்டாலும் ஒன்று முதல் ஆறு வரையிலான எண்களைக் காப்பாற்ற முடியாது. முதல் முயற்சியிலேயே சிக்கிவிடும். நீளமான, பட்டியலில் இல்லாத மறைச்சொல் வைத்திருப்பவருக்குத்தான் மறையாக்கம் உண்மையான பாதுகாப்பு.

எழுத்துகளுக்குப் பதில் குறியீடுகளைப் போட்டால் ஏமாற்றிவிடலாம் என்பதும் பழங்கதை. 2018இல் சிங்ஹெல்த் தகவல் திருட்டை விசாரித்த குழு, கட்டமைப்பில் இருந்த ஒரு நிர்வாகக் கணக்கின் மறைச்சொல்லைத் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்து, நடுவில் ஓர் எழுத்துக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறியையும், இன்னோர் எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யத்தையும் போட்டிருந்தார்கள். மனிதர்கள் செய்யும் இந்தத் தந்திரங்கள் அத்தனையும் திருடனின் நிரலுக்கு எப்போதோ பாடமாகிவிட்டன. மகனின் பெயரும் பிறந்த ஆண்டும் எந்த வரிசையில் இருந்தால் என்ன?

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மறைச்சொல்லை மாற்ற வேண்டும் என்று அலுவலகங்கள் பல ஆண்டுகளாகப் பிடித்த பிடியும் தளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. கெடு வைத்தால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் கசிந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே மாற்றியாக வேண்டும்.

முதலில் மின்னஞ்சல்

சரி, ஒரு நிறுவனத்திடமிருந்து ‘உங்கள் தகவல் கசிந்திருக்கலாம்’ என்று செய்தி வருகிறது. பலரும் செய்வது, அந்தச் செய்தியில் இருக்கும் இணைப்பை அழுத்துவது. அதுதான் செய்யக்கூடாதது. தகவல் திருட்டுச் செய்தி பரவிய சில நாள்களிலேயே, அந்த நிறுவனத்தின் பெயரில் போலி அறிவிப்புகளும் கிளம்பிவிடும். ‘உடனே மறைச்சொல்லை மாற்றுங்கள்’ என்று அவையும் சொல்லும். நிறுவனத்தின் செயலியைத் தாமே திறந்தோ, முகவரியைத் தாமே தட்டச்சு செய்தோதான் உள்ளே போக வேண்டும்.

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்திகள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். வங்கி உண்மையிலேயே அனுப்பிய செய்திகளின் வரிசையிலேயே போலிச் செய்தியும் வந்து அமர்ந்துகொண்டது. யார்தான் சந்தேகப்படுவார்? பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 790 பேர். இழந்த தொகை 13.7 மில்லியன் வெள்ளி. அதன் பிறகுதான், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் அழுத்தக்கூடிய இணைப்புகளை வங்கிகள் நீக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் முடிவானது. எனவே வங்கியின் பெயரில் இணைப்புடன் ஒரு குறுஞ்செய்தி வந்தால், அதைப் படித்து ஆராய வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, எந்தக் கணக்கை முதலில் மாற்றுவது? திருடுபோன கடையின் கணக்கை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அந்தக் கடைக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே மறைச்சொல் என்றால், மின்னஞ்சலில் தொடங்குவதே புத்திசாலித்தனம். எந்தத் தளத்திலும் ‘மறைச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் புதிய மறைச்சொல் அமைக்கும் வழி எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்குத்தான். மின்னஞ்சல் கையில் இருந்தால், மற்ற கணக்குகளின் மறைச்சொல்லை அறிய வேண்டிய தேவையே திருடனுக்கு இல்லை. ஒவ்வொன்றாக மறந்ததாகச் சொல்லிப் புதிதாக வாங்கிக்கொள்வான்.

மின்னஞ்சலின் மறைச்சொல்லை மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று மூடிவிடக் கூடாது. அமைப்புகள் பகுதிக்குள் சென்று மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒன்று, எந்தெந்தக் கருவிகளில் அந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல். தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றிவிட வேண்டும். இன்னொன்று, வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு ஏதும் இருக்கிறதா என்பது. உள்ளே ஒருமுறை நுழைந்தவன் இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போனால், பிறகு மறைச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் கடிதங்களின் நகல் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வீட்டின் பூட்டை மாற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதை. மூன்றாவது, கணக்கை மீட்பதற்குக் கொடுத்து வைத்த தொலைபேசி எண்.

இந்த மூன்றாவதைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் கருத்தரங்கின் போக்கே மாறியது. அது பிறகு.

மின்னஞ்சலுக்குப் பின் பணம் புழங்கும் கணக்குகள், அதன்பின் அடையாளம் சார்ந்தவை, கடைசியில் மற்றவை என்று போகலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க முயன்று சலித்துப்போய்ப் பாதியில் விடுவதைவிட, முக்கியமான நான்கைந்தை அன்றே முடிப்பது மேல். பணம் எடுக்கப்பட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால் மட்டும் வரிசை பார்க்கக் கூடாது. வங்கிகள் வழங்கும் கணக்கை முடக்கும் அவசர வசதியை முதலில் பயன்படுத்திவிட்டு, பிறகு மற்றதைப் பார்க்கலாம். மோசடியா இல்லையா என்று தெரியாமல் குழம்புவோருக்கு 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 2024 முதல் இயங்கி வருகிறது.

எழுதி வைத்தால் தப்பா?

கணக்குக்கு ஒன்றாக இருபது மறைச்சொற்களை எப்படி நினைவில் வைப்பது? முடியாது. முடியும் என்று சொல்பவர்கள், நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள்.

தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு நினைவிலிருந்து ஐந்து சொற்களை எடுத்துக் கோத்து நீளமான மறைச்சொல் அமைக்கலாம் என்பது சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் ஆலோசனை. இதில் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ‘மழையில் அத்தை சுட்ட ஆப்பம் கருகியது’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் எந்த ஆங்கில அகராதியிலும் அது அப்படியே கிடைக்காது. அத்தைக்குக் கோபம் வரலாம். கணக்குக்கு ஆபத்து வராது. ஆனால் திருக்குறளின் முதல் அடி, பிரபலமான திரைப்பாடலின் பல்லவி போன்றவை வேண்டாம். எல்லாருக்கும் மனப்பாடமானது திருடனின் பட்டியலிலும் இருக்கும்.

இப்படி ஒன்றிரண்டை நினைவில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை மறைச்சொல் காக்கும் செயலியிடம் ஒப்படைக்கலாம். அதுவும் திருடுபோகாதா? போயிருக்கிறது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற அத்தகைய நிறுவனத்திலிருந்தே வாடிக்கையாளர்களின் மறையாக்கப்பட்ட பெட்டகங்களின் நகல்கள் களவுபோயின. பெட்டகத்தின் தலைமைச் சாவி நீளமாகவும் வேறெங்கும் பயன்படுத்தாததாகவும் இருந்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது மிகக் கடினம். பலவீனமாக வைத்திருந்தவர்கள்தான் கவலைப்பட வேண்டியிருந்தது.

செயலியெல்லாம் வேண்டாம் என்கிற மூத்தோருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதைச் சொன்னால் சில நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் திருடன், பிடோக்கில் ஒரு வீட்டின் பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில் இருக்கும் நோட்டைப் படிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே மறைச்சொல் வைப்பதைவிட அது பன்மடங்கு பாதுகாப்பானது. நோட்டைக் கைப்பையில் எடுத்துச் செல்வதும், அதைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் வைப்பதும்தான் கூடாது.

இரண்டாவது பூட்டும் அவசியம். 2014 ஜூனில் 1,560 சிங்பாஸ் கணக்குகள் அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கலாம் என்று தெரியவந்தது. அப்போது நுழைவதற்கு அடையாள எண்ணும் மறைச்சொல்லும் இருந்தாலே போதும். மறுஆண்டு இரட்டை உறுதிப்பாட்டு முறை வந்தது. இன்று மின்னஞ்சல், முகநூல், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. பலர் அதை முடுக்கிவிடாமலே வைத்திருக்கிறார்கள். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணை ஏமாற்றிக் கேட்டு வாங்கிவிட முடிகிறது என்பதால், மின்னிலக்க வில்லை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் வங்கிக் கணக்கில் நுழைவதற்கு அந்த எண்ணைப் பயன்படுத்தும் முறையைப் படிப்படியாகக் கைவிடப் போவதாகச் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில் அறிவித்தன. வேறு வசதி இல்லாத கணக்குகளில் குறுஞ்செய்தி எண்ணாவது இருக்கட்டும். எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

மாற்ற முடியாதவை

மறைச்சொல்லை மாற்றலாம். பிறந்த நாளை மாற்ற முடியுமா? சிங்ஹெல்த் சம்பவத்தில் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை களவுபோயின. அவர்களில் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அதில் ஒருவர். 2024 டிசம்பரில் பிஸ்ஃபைல் தளத்தில் முழு அடையாள அட்டை எண்களையும் தேடிப் பார்க்க முடிந்தது பெரிய சர்ச்சையானது. அடையாள அட்டை எண் ஒருவர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, எதிரில் இருப்பவர் அவர்தான் என்பதை மெய்ப்பிக்காது என்று அரசாங்கம் விளக்கியது. அந்த எண்ணை மறைச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்ற ஆலோசனையும் 2025 ஜூனில் வெளிவந்தது.

இதிலிருந்து வீட்டில் சொல்லி வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தொலைபேசியில் அழைப்பவர் ஒருவரின் முழுப் பெயரையும் அடையாள எண்ணையும், சாப்பிடும் மாத்திரையின் பெயரையும்கூடச் சரியாகச் சொல்லலாம். அதனால் அவர் மருத்துவமனையிலிருந்தோ காவல்துறையிலிருந்தோதான் பேசுகிறார் என்று ஆகிவிடாது. ‘எல்லாம் சரியாகச் சொன்னாரே!’ என்பதுதான் பணத்தை இழந்தவர்கள் பலரும் சொல்லும் முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியம், ‘பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது’ என்பது. அந்த வெட்கத்தில் கழியும் மணி நேரங்களில்தான் மிச்சப் பணமும் போகிறது. பெற்றோர் ஏமாந்ததைச் சொல்ல வரும்போது “எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்” என்று பிள்ளைகள் தொடங்கினால், அடுத்த முறை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

மீட்பு எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்தத் தாயாரின் கைத்தொலைபேசியை வாங்கி மகன் அங்கேயே திறந்து பார்த்தார். மின்னஞ்சலை மீட்கும் எண்ணாக இருந்தது காலஞ்சென்ற தந்தையின் எண். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சேவையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தப்பட்ட எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சிறிது காலம் கழித்து வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடும் என்று நிபுணர் விளக்கினார். அந்த எண் இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கையில் இருக்கலாம். அம்மாவின் மறைச்சொல்லை மாற்ற வேண்டும் என்று யார் கேட்டாலும், உறுதிசெய்யும் எண் அவருக்குத்தான் போகும்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. இந்த முறை அரங்கில் யாரும் சிரிக்கவும் இல்லை. பிறகு, “எடுத்துவிடு தம்பி” என்றார். மகன் நீக்குவதற்கு விரலைக் கொண்டுபோனபோது தடுத்து, “இரு, முதலில் அந்த நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடு” என்று கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.